குமுளியிலிருந்து கம்பம் அலுவலக ஆக்சஸ் கோப்பில் எழுதலாமா?
கம்பத்தில் அலுவலகம், குமுளியிலும் வண்டன்மேட்டிலும் ஏலக்காய் எடைபோடும் ஆட்கள். எல்லோரும் ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பில் பதிய வேண்டும் என்கிறீர்கள்.

கோப்பை கூகுள் டிரைவில் மட்டும் போடாதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் பிரதி இரண்டாகும். யார் போட்ட எடை சரி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நேரே திறப்பதும் ஆபத்து. ஆக்சஸில் தேடும் வேலையைச் செய்வது கோப்பு இருக்கும் கம்பம் கணினி அல்ல, திறப்பவரின் குமுளி கணினி. கோப்பின் பக்கங்கள் மலையேறி வர வேண்டும். மழையில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் பாதி எழுதிய பக்கத்தோடு கோப்பு கெட்டுப்போகலாம். ஓணம் சீசனில் எனக்கு அப்படித்தான் ஆனது.

சரி, வழி? தரவு இருக்கும் அட்டவணைகளை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். அது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள சர்வர், இலவசம். தேடும் வேலையை சர்வரே செய்யும். படிவங்கள் ஆக்சஸிலேயே இருக்கட்டும், ஆளுக்கொரு பிரதி. அப்புறம், சர்வரை விபிஎன்னுக்குள்ளேயே வையுங்கள். அந்த சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் 1433 போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.