காணி வழக்குக்கு லோயர் தேடும்போது நடுவில் ஆள் வேண்டாம்

கேள்வி: கரவெட்டியில் அப்பா எனக்குச் சீதனமாக எழுதிய காணியில் ஒரு பகுதியை, பக்கத்துக் காணிக்கார உறவினர் வேலி அடைத்துப் பிடித்து எட்டு வருடமாகிறது. கேட்டால் சண்டைக்கு வருகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா செலவைப் பார்ப்பதாகச் சொல்கிறார். ஊரில் ஒருவர், "நல்ல லோயர் பிடிச்சுத் தாறன், முதல்ல ரெண்டு லட்சமும் உறுதியும் தாங்கோ" என்கிறார். கொடுக்கலாமா? நல்ல சட்டத்தரணியை எப்படித் தேடுவது?

பதில்: காசும் கொடுக்க வேண்டாம், உறுதியும் (காணிப் பத்திரம்) கொடுக்க வேண்டாம்.

இப்படி நடுவில் நிற்பவர் சட்டத்தரணியிடம் ஒரு தொகை சொல்வார், உங்களிடம் வேறு தொகை சொல்வார். வெளிநாட்டுக் காசு என்று தெரிந்தால் அது இன்னும் ஏறும். மூல உறுதி அவர் கைக்குப் போய்விட்டால், பிறகு கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும். ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது, இலங்கை உயர் நீதிமன்றம் 1988இல் சட்டத்தரணிகளுக்கு வகுத்த ஒழுக்க விதிகளுக்கே விரோதம். அதைச் செய்ய விடுகிற சட்டத்தரணி உங்களுக்கு எதற்கு?

காணி வழக்கு பொதுவாகக் காணி இருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான் நடக்கும். உங்களுடையது பருத்தித்துறை. ஒருநாள் காலையில் அங்கே போய்ப் பின்வாங்கில் இருந்து பாருங்கள். காணி வழக்கில் யார் ஆயத்தமாக வந்து பேசுகிறார், யார் எழும்பித் தவணை (வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பது) மட்டும் கேட்கிறார் என்பது அரை நாளில் விளங்கிவிடும். கொழும்பிலிருந்து பெரிய ஆளைக் கூப்பிடலாம் என்று அண்ணா சொன்னால் மறுத்துவிடுங்கள். அவருக்கு அன்று வேறு வழக்கு என்றால் உங்களுக்குத் தவணை. அம்மா போட்ட காணி வழக்கை மகள் நடத்துகிற நாடு இது. தவணை கேட்டால் கொடுத்துவிடும் பழக்கத்தை நீதிமன்றங்கள் விடாதவரை, கேட்காத சட்டத்தரணியைப் பிடிப்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

சீதனக் காணி என்பதால் நீங்கள் பிடிக்கிற சட்டத்தரணிக்குத் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம்) நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சமாதானமாகி ஒரு துண்டை எழுதிக் கொடுக்க வந்தால்கூட உங்கள் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

தெரிந்த குடும்பச் சட்டத்தரணி இருந்தால் அவரிடமே போகலாம். ஆனால் உங்கள் சீதன உறுதியை நொத்தாரிசாக (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இருந்து எழுதியவரே அவர் என்றால் போக வேண்டாம். எங்கள் சனம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஓடும். எதிராளி நாளைக்கு "அந்த உறுதி சரியாக எழுதப்படவில்லை" என்று மறுத்தால், எழுதிய நொத்தாரிசு சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வரலாம். உங்களுக்காக வாதாடுகிறவரே உங்கள் சாட்சியுமாக நிற்க முடியாது. பாதி வழியில் அவர் விலக, புதியவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் பெயர் இருக்கும், இன்றைக்கே பாருங்கள். அவர் மிக நல்லவராக இருக்கலாம். ஆலோசனை கேளுங்கள், பழைய பிரதிகள் வாங்குங்கள், வழக்கை மட்டும் வேறொருவரிடம் கொடுங்கள்.

முதல் சந்திப்புக்கு உறுதியின் போட்டோப் பிரதியும், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதியும் போதும். வழக்குக்கு முன் இணக்கசபைக்கு (பிணக்கைப் பேசித் தீர்க்கும் சபை) போக வேண்டிய விடயமா என்று கேளுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, தவணைக்குத் தவணை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். "கட்டாயம் வெல்லலாம்" என்பவரை விட்டு எழும்பி வாருங்கள். பிறொக்சியில் (அவரை உங்கள் சட்டத்தரணியாக நியமிக்கும் பத்திரம்) விபரம் நிரப்பிய பிறகே கையெழுத்து வையுங்கள். ஒருமுறை அது வழக்குக் கோவையில் ஏறிவிட்டால், ஆளை மாற்ற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

அண்ணா கைவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. வருமானம் பார்ப்பார்கள்.

ஆனால் தேடிக்கொண்டே இருக்க உங்களுக்கு நேரமில்லை. இன்னொருவர் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் தன்னுடையதாக ஆண்டவர் ஆட்சியுரிமை கேட்கலாம். உறவினர் அதற்குள், ஆண்டுவந்ததால் காணி தன்னுடையது என்று ஆட்சி உறுதியும் எழுதிவைக்கக் கூடும். லோயரின் கடிதம் ஒன்று போனதும் அலுவல் முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள், வழக்குத் தாக்கலாக வேண்டும். வேலி அடைத்த வருடத்தைக் காட்டுகிற பழைய படம், கிராம அலுவலரிடமோ பொலிசிலோ கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, எது இருந்தாலும் முதல் நாளே கையோடு கொண்டு போங்கள்.