ஸ்காண்டிநேவிய வம்சாவளி இல்லாதவர் ஆசாத்ரு மதத்தில் (பழைய நோர்ஸ் தெய்வங்களை வழிபடும் இக்கால மதம்) சேர முடியுமா? ஞானஸ்நானம் போலச் சடங்கு ஏதாவது உண்டா?

சேரலாம். தண்ணீரில் முழுகுவது, பெயர் மாற்றுவது எல்லாம் இல்லை. ஆனால் 'சேர்வது' என்ற சொல்லுக்கு ஐஸ்லாந்தில் ஒரு பொருள், அமெரிக்காவில் வேறு பொருள்.

ஐஸ்லாந்தில் அது பதிவேட்டு வேலை. ஆடு மேய்த்த கவிஞர் ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சனும் நண்பர்களும் 1972இல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்துக்கு 1973இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. 16 வயதானவர் மக்கள் பதிவகத்தில் தன் மதத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு அமைப்பில்தான் இருக்க முடியும். டிசம்பர் 1 நிலவரப்படி தலைக்கு இவ்வளவு என்று அரசு வருமான வரியிலிருந்து எடுத்து அந்தந்த அமைப்புக்குத் தரும். 'மதம் இல்லை' என்று பதிந்தால் அந்தப் பங்கு கஜானாவிலேயே தங்கிவிடும், உங்கள் வரி ஒரு குரோனாகூடக் குறையாது. நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் உள்ள நாட்டில் இந்தச் சங்கத்தில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் பெயர் கொடுத்தவர் கணக்கு வேறு, சடங்குக்கு வந்து நிற்பவர் கணக்கு வேறு.

என்ன நம்புகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 2003 முதல் தலைமைக் கோதியாக (பூசாரியும் தலைவரும் சேர்ந்த பதவி) இருக்கும் இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சனே, எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண்ணர் (தலைமைத் தெய்வம் ஓடின்) சவாரி செய்வதை யாரும் அப்படியே நம்புவதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். கதைகள் அவருக்குக் கவித்துவ உருவகங்கள். தெய்வங்கள் நிஜமாகவே இருக்கிறார்கள் என்பவரும் அதே வட்டத்தில்தான் நிற்கிறார்.

அமெரிக்காவில் இப்படி அரசுப் பதிவேடு கிடையாது. கின்ட்ரெட் எனப்படும் சிறு குழுக்கள்தான் எல்லாம். முதலில் விருந்தாளியாகச் சில படையல்களுக்குப் போவீர்கள். பிறகு பழகிப் பார்க்கும் காலம், பல குழுக்களில் ஓராண்டும் ஒரு நாளும். கடைசியில் சத்தியத்துக்கென்றே வைத்திருக்கும் வளையத்தைப் பிடித்து உறுதிமொழி. இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

'ப்ளோட்' என்பது படையல். இடத்தைப் புனிதப்படுத்தி, தெய்வத்தை அழைத்து, கொம்பிலோ கிண்ணத்திலோ உள்ள தேன்மதுவைப் பகிர்ந்து, மீதியை மண்ணில் ஊற்றுவார்கள். ஐஸ்லாந்துச் சங்கம் விலங்குப் பலியை ஏற்பதில்லை. வீட்டில் தனியாகச் செய்ய ஒரு டம்ளர் தேன்மது போதும். பீரோ ஆப்பிள் சாறோகூடப் போதும். பாதி உங்களுக்கு, பாதி மரத்தடிக்கு. புதிதாக வருபவர் அள்ளிக் கொட்டுவார். மிதமிஞ்சிப் படைப்பதைவிட வேண்டாமலே இருப்பது மேல், கொடை என்றும் எதிர்க்கொடையை நோக்கும் என்று ஹாவமால் என்ற பழைய நோர்ஸ் பாடலின் 145ஆம் செய்யுள் சொல்கிறது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

'சும்பெல்' இன்னும் கூர்மையானது. உட்கார்ந்து கொம்பைக் கைமாற்றும் மூன்று சுற்றுகள்: முதலில் தெய்வங்களுக்கு, அடுத்து முன்னோருக்கும் மறைந்தவர்களுக்கும், மூன்றாவதில் உங்கள் சொந்தச் சொல், அதாவது சாதனையோ சபதமோ. கொம்பின் மேல் சொன்ன சொல் ஊர்த் எனும் விதித் தேவியின் கிணற்றில் விழுகிறது என்றும், அது பொய்த்தால் குழு முழுவதன் அதிர்ஷ்டமும் குறையும் என்றும் கருதுவதால், முதல் வருகையிலேயே சபதம் எடுப்பவரை யாரும் ரசிப்பதில்லை. நன்றி சொல்லிக் கைமாற்றுங்கள். பல குழுக்களில் சூழ்ச்சிக்காரத் தெய்வமான லோகியின் பெயரைச் சொல்லிக் குடிக்கத் தடை உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மது தொடாதவர் கொம்பை உதட்டில் ஒற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு சின்ன விஷயம்: குடிக்கும்போது கொம்பின் நுனி மேலே போகக் கூடாது. காற்று ஒரேயடியாக உள்ளே புகுந்து மது முகத்தில் அடிக்கும். நுனியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள்.

இனி ரத்தம். வடஐரோப்பிய வம்சத்தாருக்கு மட்டுமே என்று சொல்லும் 'ஃபோக்கிஷ்' பிரிவு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி அதில் பெயர் பெற்றது. 2016இல் அதன் நிலைப்பாட்டை மறுத்துப் பல நாட்டுக் குழுக்கள் கையெழுத்திட்ட அறிக்கைக்குப் பெயர் 'பிரகடனம் 127'. தீமையைக் கண்டால் தீமை என்று சொல் என்னும் ஹாவமால் செய்யுளின் எண் அது. இனமேன்மைக்கு ஆசாத்ருவைச் சாக்காக்குவதை ஐஸ்லாந்துச் சங்கமும் நிராகரிக்கிறது.

ரத்தவாதம் இந்த மரபின் சொந்தக் கதைகளிலேயே நிற்காது என்பது என் கருத்து. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலம். இடித் தெய்வம் தோரின் தாய் யோர்த் அதே குலம். ந்யோர்த், இரு தெய்வக் குலங்களின் போருக்குப் பின் எதிரணியிலிருந்து பிணையாக வந்து தெய்வமாக நின்றவர். ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களிலும் பாதிக்கும் மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது.

குழு தேடும்போது அவர்கள் தளத்தில் 'நம் மக்கள்', 'முன்னோர் வழி' போன்ற சொற்கள் அடிக்கடி வந்தால், 'வெள்ளையர் அல்லாதவர் முழு உறுப்பினராகலாமா?' என்று ஒற்றை வரியில் எழுதிக் கேளுங்கள். திறந்த குழு 'ஆம்' என்று உடனே எழுதும். மற்றது பத்திபத்தியாக விளக்கம் தரும். தோரின் சுத்தியல் வடிவப் பதக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதை இரு தரப்பும் அணிகிறது.