சொந்தமாக இரண்டு மூன்று போர்ஷனை வாடகைக்கு விட்டுக்கொண்டே வீட்டு புரோக்கராகவும் இருந்தால் என்னென்ன சிக்கல் வரும்?

சென்னைப் புறநகரில் மூன்று போர்ஷன், தலா 12,000 வாடகை, கூடவே வாடகைக்கும் விற்பனைக்கும் தரகு என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கையே வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதல் சிக்கல் சட்டத்துக்கும் வரிக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆள் மாறினால்தான் புரோக்கருக்குக் காசு. ஆள் மாறாமல் இருந்தால்தான் ஓனருக்குக் காசு. நாள் முழுக்க ஏரியா வாடகையைப் பேசிக்கொண்டே திரிபவருக்குத் தன் வீட்டு வாடகை எப்போதும் குறைவாகவே தெரியும். "எதிர்த் தெருவில் 13,000 போகிறது" என்று இருப்பவரிடம் கேட்கிறார், அவர் காலி செய்கிறார். ஆயிரம் ரூபாய் கூடினால் வருடத்துக்கு 12,000. வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அது அப்படியே போய்விடும். பெயின்ட், குழாய், பூட்டு எல்லாம் அதற்கு மேல். கையில்தான் ஆட்கள் இருக்கிறார்களே என்ற தைரியத்தில் செய்கிற தப்பு இது. ஒழுங்காக வாடகை தருகிறவருக்கு வருடம் 5 சதவீதம், அதாவது 600 ரூபாய் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் லாபம்.

அடுத்து, வாடகையும் கமிஷனும் இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றது காப்பாற்றும் என்பது பாதிதான் உண்மை. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வீடு மாற மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் ஓட்டம். ஆகவே கமிஷன் வராத மாதமும் உங்கள் போர்ஷன் காலியாகக் கிடக்கிற மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கும். குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருக்காதவர் அந்த நேரத்தில் கிடைத்த ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் அவதிப்படுவார்.

இதில் பலர் கவனிக்காத இடம், 11 மாத அக்ரிமெண்ட். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் இது. செப்டம்பர் 1இல் தொடங்கி 11 மாதம் எழுதினால் ஜூலை 31இல் முடியும். நட்ட நடு ஆடி. பிப்ரவரி 1இல் தொடங்கினால் டிசம்பர் 31, மார்கழி. செப்டம்பரில் வருபவருக்கு 8 மாதம் எழுதுங்கள், ஏப்ரல் 30இல் முடியும். பிப்ரவரியில் வருபவருக்கு 10 மாதம் எழுதினால் நவம்பர் 30, கார்த்திகை. ஜூன் 1 என்றால் 11 மாதமே சரி. தேதியை இப்படித் திருப்பி வைக்கக் காசு எதுவும் செலவில்லை.

தன் வீட்டையே தன் கஸ்டமருக்குக் காட்டுவது இந்த இரட்டை வேலைக்கே உரிய சிக்கல். வீடு தேடித் தரச் சொல்லி ஒருவர் உங்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் நீங்கள் அவருடைய முகவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 215இன்படி, முகவர் முக்கிய விவரத்தை மறைத்துத் தன் சொந்தக் கணக்கிலேயே வியாபாரத்தை முடித்தால், அமர்த்தியவர் அதை ஏற்க மறுக்கலாம். பிரிவு 216, அவருக்குத் தெரியாமல் அப்படிச் செய்து அடைந்த ஆதாயத்தைக் கேட்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே "இது என் சொந்த வீடு, இதற்குக் கமிஷன் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். தன் வீட்டுக்குத் தானே புரோக்கராக நின்று ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குவது சட்டத்திலும் நிற்காது, தெருவிலும் பேரைக் கெடுக்கும்.

இதே உறுத்தல் சாவி கொடுத்த மற்ற ஓனர்களுக்கும் உண்டு. "நல்ல பார்ட்டியைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு அனுப்புகிறான்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அந்தத் தெருவில் சாவி கிடைக்காது. ஒரு நோட்டில் தேதி, வந்தவர், கேட்ட வாடகை, காட்டிய வீடுகள் என்று வரிசையாக எழுதி, கேட்கிற ஓனருக்கு அவர் வீட்டுக்கான பக்கத்தைக் காட்டலாம். உங்கள் போர்ஷன் காலியாக இருக்கும் மாதத்தில் அதே வாடகையில் வேறு வீட்டை ஏற்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சட்டப் பக்கம்: தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டில் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எட்டு மாதமோ பதினொரு மாதமோ, எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. சார்பதிவாளர் பதிவும் இதுவும் வேறு வேறு. மற்றவர்களுக்கு அக்ரிமெண்ட் போட்டுக் கொடுக்கும் புரோக்கர்கள் தங்கள் சொந்தப் போர்ஷனுக்கு வாய்ப் பேச்சோடு விட்டுவிடுவது விசித்திரமானாலும் சகஜம்.

வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால், இரண்டு மாத பாக்கி நிற்க வேண்டும்; முறைப்படி நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் கட்டாமல் இருக்க வேண்டும்; பிறகுதான் வாடகை நீதிமன்றம். அதற்குள் பொறுமை போய் மோட்டார் ஸ்விட்சைப் பூட்டுவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்றவற்றைச் செய்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த ஓனருக்கு அதிகாரம் இல்லை. அடுத்த ஆளைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டவும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். புரோக்கர் புத்தியில் சட்டென்று கதவைத் தட்டிவிடுவோம்; அங்கே நீங்கள் ஓனர்.

ரிப்பேர்ச் சண்டைக்கு அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை அக்ரிமெண்டோடு நகலெடுத்துச் சேர்த்துவிடலாம். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், வாஷ்பேசின், கீசர், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அதுதான் செல்லும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடம் விட்டிருப்பதால் ஐந்து, ஆறு மாதம் வாங்கும் வழக்கம் இன்னும் ஓடுகிறது. மூன்று மாதம் மட்டும் வாங்கினால் 36,000. "கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று சொல்லாதவர் குறைவு. கழித்தால் மீதி 12,000. அதிலிருந்துதான் ஈபி பாக்கி, பெயின்ட், உடைந்தது எல்லாம். ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் காலி செய்பவரின் பில் அப்புறம்தான் வரும். காலி செய்கிற அன்றே மீட்டரைப் படமெடுத்து, யூனிட்டைக் கணக்கிட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கழிவு போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. புரோக்கர் வேலையில் டோக்கன் அட்வான்ஸ், மற்ற ஓனருக்குச் சேர வேண்டிய முதல் மாத வாடகை, கமிஷன் எல்லாம் ஒரே ஜிபே எண்ணில் வந்து விழும். அங்கேயே உங்கள் வாடகையும் அட்வான்ஸும் இருந்தால் யார் பணம் எது என்று மூன்றே மாதத்தில் உங்களுக்கே தெரியாது. மூன்று கணக்கு வையுங்கள்: வாடகை ஒன்று, கமிஷன் ஒன்று, அட்வான்ஸ் மட்டும் ஒன்று. மற்றவர்களின் டோக்கனைக் கையில் வாங்காமல் நேரே ஓனர் கணக்குக்கு அனுப்பச் சொல்வது இன்னும் சுத்தம்.

வரியிலும் இரண்டும் ஒட்டாது. வாடகை "வீட்டுச் சொத்து வருமானம்": நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் தானாகக் கழியும், வீட்டுக் கடன் வட்டி தனி. பெயின்ட் அடித்த பில், பிளம்பர் கூலி எல்லாம் அந்த 30க்குள் அடக்கம். அதைக் கமிஷன் கணக்கில் செலவாகக் காட்டினால் தப்பு. கமிஷன் வியாபார வருமானம். ஆனால் சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளும் வசதி தரகுக்கும் கமிஷனுக்கும் கிடையாது. பெட்ரோல், விளம்பரம், போன் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக் கணக்கு எழுதத்தான் வேண்டும். பில்டர் கம்பெனி தரும் கமிஷன் வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிடும், மறைக்க முடியாது. கடன் வட்டியால் வீட்டுக் கணக்கில் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் 2 லட்சம் வரை கமிஷன் வருமானத்தோடு ஈடுகட்டலாம்; புதிய முறையில் முடியாது. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் எண்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஜிஎஸ்டியில் நிறையப் பேர் இடறுவார்கள். பதிவுக்கான 20 லட்ச வரம்பில், வரி இல்லாத குடியிருப்பு வாடகையும் சேரும். உங்கள் வாடகை வருடம் 4.32 லட்சம். 80 லட்ச ரூபாய் வீட்டை முடித்து இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் வாங்கினால் 1.6 லட்சம், அப்படிப் பத்து முடித்தால் 16 லட்சம். கமிஷன் மட்டும் பார்த்தால் வரம்புக்குள், கூட்டினால் 20.32 லட்சம். தாண்டிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். 18 சதவீத வரி கமிஷனுக்கு மட்டும்தான், குடியிருக்க விட்ட வாடகைக்கு இல்லை. ஆனால் வீடு வாங்குகிற குடும்பத்துக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லாததால், "ஒரு சதவீதம்தானே பேசினோம்" என்று நிற்பார்கள். வரி தனி என்று முதல் நாளே சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக் கமிஷன் 80,000இல் 12,203 உங்கள் கையிலிருந்து போகும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வாடகைத் தரகுக்குத் தேவையில்லை. ரெராவில் பதிவான திட்டத்தின் மனையையோ பிளாட்டையோ விற்றுக் கொடுத்தால் தேவை. பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

கடைசியாக லீசு. மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் விடுவதில் இரண்டு ஆபத்து. மற்றவர் வீட்டுக்கு முடித்துக் கொடுக்கும்போது, ஓனர் என்று வந்து நிற்பவர் வாடகைக்கு எடுத்தவராகவே இருக்கலாம். வாடகைக்கு எடுத்த வீட்டை லீசுக்கு விட்டுப் பணத்தோடு மறைவது சென்னையில் பழகிய மோசடி. வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, ஈபி பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டு, பணத்தை அந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று புகாரில் உங்கள் பெயரும் ஏறும். இன்னொன்று, உங்கள் சொந்தப் போர்ஷனை லீசுக்கு விட்டு அந்தப் பணத்தை ஒரு மனைக்கு அட்வான்ஸாகக் கொடுத்து வைப்பது. இருப்பவர் ஜூலையில் காலி செய்கிறேன் என்பார். ஐந்து லட்சத்தையும் அன்றே கேட்பார். அதைத் தரவேண்டிய அடுத்த ஆள் ஆவணியில்தான் வருவார்.