கட்டுப்பாடான முஸ்லிம் ஊரில், பள்ளிக்கூடத்தில் பாலியல் நலக் கல்வி நடத்த முடியுமா?

முடியும். மதுரைக்குக் கிழக்கே, முஸ்லிம்கள் நிறைய இருக்கும் ஓர் ஊரில் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். நானும் அதே சமூகம்தான். (ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.)

எங்கள் பிள்ளைகளுக்கு இது காதில் விழாத விஷயம் இல்லை. ஹைளு (மாதவிடாய்), ஸ்கலிதம், குளிப்பு கடமையாவது எல்லாம் ஓதுகிற பள்ளியிலேயே (மதரஸாவிலேயே) பாடம். பெண்ணுக்குக் கனவில் அப்படி ஆனால் குளிக்க வேண்டுமா என்று உம்மு சுலைம் என்ற நபித்தோழி நபியவர்களிடமே நேராகக் கேட்டதும், அவர்கள் பதில் சொன்னதும் ஹதீஸில் இருக்கிறது. அதனால் பேச்சே கூடாது என்று எங்கள் ஜமாஅத்தில் யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. யார் பேசுகிறார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் அம்மாக்களைக் கூப்பிட்டு, எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் 'வளரிளம் பருவமடைதல்' பாடத்தைக் காட்டினோம். வகுப்பில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவையும் உட்கார வைத்துக்கொண்டேன். அதன் அருமை ரமலான் நெருங்கும்போது தெரிந்தது. "மிஸ், முப்பது நோன்பும் விடாம பிடிக்கணும்னு பெரியம்மா மாத்திரை வாங்கித் தந்தாங்க, போடலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தொழுகை இல்லாத நாளை, அதாவது மாதவிடாயை, தள்ளிப்போடும் மாத்திரை. அது ஹார்மோன், டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது, மாதக் கணக்கே தாறுமாறாகலாம் என்றேன். முகத்தில் ஈயாடவில்லை. ஆலிமா சொன்னார்: "அந்த நாள்ல விட்ட நோன்பை அப்புறம் பிடிச்சுக் களாச் செய்யலாம், விட்ட தொழுகையைத் திருப்பித் தொழவே வேண்டாம். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏம்மா வேண்டாங்குறே?" மாத்திரை அன்றைக்கே குப்பைக்குப் போனது.

ஆனால் ஓதுகிற பள்ளிப் பாடம் சுத்தத்தோடு நின்றுவிடும். தகாத தொடுதல் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். தொடுகிறவர் மாமாவாகவும் இருக்கலாம், வேன் டிரைவராகவும் இருக்கலாம், வாத்தியாராகவும் இருக்கலாம். "சொந்தக்காரங்க மேலயே சந்தேகத்தைக் கிளப்புறீங்களே" என்று பெரியவர்கள் முறைத்தார்கள். இதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் மறைத்தால், 2012 போக்சோ சட்டப்படி மறைத்தவர்களுக்கும் தண்டனை உண்டு என்றேன். ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) பின் என்று மூன்று நேரங்களில் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வரவேண்டும் என்று குர்ஆனின் சூரா நூர் சொல்வதை ஆலிமா எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைக் கரும்பலகையிலேயே எழுத முடிந்தது.

பையன்கள் பக்கம்தான் பெரிய ஓட்டை. கனவில் வெளியேறினால் குளிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அது நோய் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கும் பரம்பரை வைத்தியர்களுக்கு இவர்கள்தான் வருமானம். ஆண்கள் பள்ளியில் அறிவியல் சாரும் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். ஹஜ்ரத் சரி என்றுவிட்டார். சார்தான் வெட்கப்படுகிறார்.