கூடாரப் பண்டிகைக்குப் பனை ஓலை ஆகுமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் தங்கும் விடுதி நடத்துகிறோம். வெளிநாட்டு யூத ஜெப ஆலயக் குழு ஒன்று அக்டோபரில் வந்து, இங்கேயே கூடாரப் பண்டிகை கொண்டாட இடம் கேட்கிறது. மாடியில் பனை ஓலைக் கொட்டகை இருக்கிறதே, போதாதா?
- வாசகி, மண்டபம்

பதில்: போதாது. இந்தப் பண்டிகையின் ஏழு நாளும் அவர்கள் இலைதழை வேய்ந்த தற்காலிகக் கூடாரத்தில் சாப்பிடுவார்கள்; அதற்கு விதிகள் உண்டு. ஒழுகாமல் அடர்த்தியாக வேய்ந்த கூரை அவர்களுக்கு ஆகாது. வெயிலைவிட நிழல் கூடுதலாக வேண்டும். ஆனால் பெருமழை உள்ளே சொட்ட வேண்டும், இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. மேலே மரக்கிளையோ சன்ஷேடோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முற்றத்தில் புதிதாகப் போடுங்கள்.

பனை ஓலை தாராளமாக ஆகும். மண்ணில் முளைத்து வெட்டியெடுத்தது எதுவும் சரி. புழங்கும் பொருளாகச் செய்தது கூடாது. அதனால் படுக்கிற ஓலைப்பாயை விரித்து ஒப்பேற்ற முடியாது. 10 அடிக்கு 8 அடிக் கூடாரம் என்றால் சுமார் 15 பச்சை ஓலை, கையிருப்பாக இன்னும் 5. ஏழு நாளில் ஓலை காய்ந்து சுருங்கி நிழல் குறைந்துவிடும்; பலரும் கோட்டை விடுவது அங்கேதான். ஓலையைத் தாங்க இரும்புக் குழாய் வேண்டாம், சவுக்குக் கம்பு போடுங்கள். கம்பிக்கும் பிளாஸ்டிக் கயிற்றுக்கும் பதில் மட்டையில் கிழித்த நார். சுவர் முடிந்த பிறகே ஓலை ஏற வேண்டும்.

நம் கரையில் உண்மையான தலைவலி சுவர்தான். எதில் வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் காற்றில் உப்பி ஆடும் தார்ப்பாய் அவர்கள் கணக்கில் சுவரே இல்லை. கீற்றுத் தட்டி உத்தமம். தார்ப்பாய்தான் என்றால், வாசல் நீங்கலாக நான்கு பக்கமும் தரையிலிருந்து 20 செ.மீ.க்கு ஒன்றாக 5 கயிறு இழுத்துக் கட்டுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு அதுவே சுவராகிவிடும்.

பண்டிகையின் முதல் இரண்டு நாள் புனித ஓய்வு நாள்; புதிதாக நெருப்பு மூட்டவோ சுவிட்சைத் தொடவோ மாட்டார்கள். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் விளக்கு எரிய வேண்டும்.

கேள்வி: வழிபாட்டில் பழமும் குருத்தும் பிடிப்பார்களாமே. நார்த்தங்காயும், குருத்தோலை ஞாயிறுக்கு எடுக்கும் குருத்தும் வாங்கி வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அவர்களுடையது பேரீச்சையின் விரியாத குருத்து. பனையும் தென்னையும் ஆகாது. அதோடு மிர்ட்டில் (வாசனை இலைச் செடி) கிளை 3, வில்லோ (நீரோர மரம்) கிளை 2. அவர்கள் பிடிக்கும் எத்ரோக் பழம் நார்த்தைக்கு உறவுதான். ஆனால் ஒட்டுக் கட்டிய மரத்துக் காய் தள்ளுபடி என்பதால், வம்சம் தெரிந்த பழத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். நீங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுங்கள். கடற்காற்றில் வில்லோ இலை சீக்கிரம் கருகும். ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். பழத்தைத் துடைக்கிறேன் என்று யாரும் தொட வேண்டாம், நுனி முனை முறிந்தால் வழிபாட்டுக்கு உதவாது.

கேள்வி: சாப்பிடும்போது மழை பிடித்தால்?

பதில்: சாப்பாடு கெடும் அளவுக்குச் சொட்டினால் வீட்டுக்குள் வந்து சாப்பிட அனுமதி உண்டு. கூடத்தில் ஒரு மேசையைத் தயாராகப் போட்டு வையுங்கள்.