குடி, போதையில இருந்து மீண்டு வர்றவங்களுக்கு ஒரு கிறிஸ்தவரா, ஜெபம் பண்றதைத் தவிர என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் தன் சபையில வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன கூடுகை ஆரம்பிக்கப் போறதாவும், முதல் வாரம் என்ன பேசுறதுன்னு தெரியலைன்னும் விவரத்துல எழுதியிருக்கார். அதுக்கு கடைசியில வர்றேன்.

நான் குடிச்சவன். விட்டு 9 வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு தடவை விட்டேன், அப்போ 40வது நாள் என்னை முன்னாடி கூப்பிட்டு சாட்சி சொல்ல வச்சாங்க, ஒரே கைதட்டல், அல்லேலூயா, எங்கம்மா அழுதாங்க, எனக்கே நான் முழுசா சுகமாயிட்டேன்னு தோணிச்சு. 58வது நாள் குடிச்சிட்டேன். அது ஒரு நாளோட போயிருக்கணும். ஆனா சாட்சி சொன்ன அதே வாயோட எப்படிங்க போய் நிக்கிறது? போகல. 7 மாசம் சபைப் பக்கமே போகல, அந்த 7 மாசமும் குடிச்சேன்.

யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலைங்க, சந்தோஷத்துல செஞ்சாங்க. ஆனா அதுல இருந்து நான் பிடிச்சுக்கிட்டது ஒண்ணுதான்: விழுந்தவன் விழுந்த அன்னைக்கு ராத்திரியே உங்களுக்கு போன் பண்ணி "அண்ணே குடிச்சிட்டேன்"னு சொல்ல முடியணும். அதுக்கு இடம் இருந்தா மத்ததெல்லாம் மெதுவா வரும், இல்லேன்னா எத்தனை உபவாசக் கூட்டம் போட்டாலும் அவன் உங்ககிட்ட நல்லா இருக்குற மாதிரி நடிச்சுட்டுதான் இருப்பான். அதனால தயவுசெஞ்சு ஒரு வருஷத்துக்காவது யாரையும் சாட்சி சொல்ல கூப்பிடாதீங்க. "பின்வாங்கிப் போனவர்"ங்கிற வார்த்தையையும் கொஞ்ச நாள் பூட்டி வைங்க.

ஏஏ-ன்னு சொல்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்குற இயக்கம், எப்படி ஆரம்பிச்சதுன்னு படிச்சப்போ எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. 1935 மே மாசம் அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்திக்கிறாங்க, ரெண்டு பேரும் குடியில நொந்தவங்க, ரெண்டு பேருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்ங்கிற கிறிஸ்தவ ஐக்கியத்தோட தொடர்பு இருந்துச்சு. டாக்டர் குடியை நிறுத்திட்டார். கொஞ்ச நாள்ல ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் அங்க குடிச்சு கவுந்துட்டார். பில் அவரைத் திட்டல, விட்டுட்டும் போகல, திரும்பி வந்தவரை வீட்டுலயே கூட இருந்து பாத்துக்கிட்டார். அதுக்கப்புறம் ஜூன் 10-ல குடிச்சதுதான் டாக்டரோட கடைசி குடி, அந்த தேதியைத்தான் ஏஏ இன்னைக்கும் தன் பிறந்தநாளா எண்ணுது. அதாவது இத்தனை பெரிய இயக்கம் தொடங்கினதே ஒருத்தர் விழுந்து எழுந்த பிறகுதான்.

அடுத்தது ஆஸ்பத்திரி விஷயம், இதுல நான் கொஞ்சம் கடுமையா பேசுவேன். வருஷக்கணக்கா தினமும் நிறைய குடிச்சவரை "இயேசு நாமத்துல இன்னைக்கே விட்டுடு"ன்னு ஒரு ரூம்ல உக்கார வச்சு ஜெபிக்காதீங்க. நிறுத்தின சில மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு இல்லாத பூச்சி தெரியும், யாரோ பேசுற மாதிரி கேக்கும், கத்துவாங்க. அது மூளை மது இல்லாம தவிக்கிற தவிப்பு, உயிரே போகலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பிசாசு வெளிய போகுதுன்னு சொல்லி ராத்திரி முழுக்க சத்தம் போட்டு ஜெபிச்சாங்க, விடியக்காலைல வலிப்பு வந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டாங்க, நல்லவேளை பிழைச்சார். நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் ஊத்தி கட்டுப் போட்டதோட நிறுத்தல, சத்திரத்துக்குக் கொண்டுபோய், பாத்துக்க ஆள் ஏற்பாடு பண்ணி, ரெண்டு வெள்ளிக்காசும் குடுத்து, இன்னும் செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னார். கூட்டிட்டுப் போங்க, வரிசையில கூட உக்காருங்க, அதுவும் ஊழியம்தான்.

சிகிச்சைக்காக டாக்டர் குடுத்த மாத்திரை சாப்பிடுறவங்ககிட்ட "மாத்திரை மேலயா விசுவாசம்"னு கேக்காதீங்க. அபின் வகை போதையில இருந்து வந்தவங்க கொஞ்ச நாள் நிறுத்தினாலே உடம்பு தாங்குற அளவு இறங்கிடும், அப்புறம் விழுந்து பழைய அளவே எடுத்தா மூச்சு நின்னுடும். அவன் தனியா, யாருக்கும் தெரியாம விழுறதுதான் இதுல ஆபத்து, போன் பத்தி நான் இவ்ளோ சொல்றது அதுக்குத்தான்.

திருவிருந்துல குடுக்குற திராட்சை மது பத்தியும் ஒண்ணு சொல்லணும், பலர் யோசிக்கிறதே இல்ல. குடியை விடுறதுக்காக டைசல்ஃபிராம்ங்கிற மாத்திரை சாப்பிடுறவருக்கு ஒரு வாய் மதுவே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வர வைக்கும், மாத்திரை இல்லேன்னாலும் அந்த ருசியும் வாசனையும் போதும் எங்களுக்கு. புளிக்காத திராட்சை ரசம் புது விஷயம் இல்ல, 1869-லயே தாமஸ் வெல்ச்ங்கிற மெதடிஸ்ட்காரர் திருவிருந்துக்காகவே செஞ்சு காட்டினார். முடிஞ்சா எல்லாருக்குமே அதைக் குடுங்க, ஒருத்தருக்கு மட்டும் தனி கோப்பை நீட்டினா மொத்த சபைக்கும் விஷயம் போயிடும்.

விஷயம் போறதுன்னதும் ஞாபகம் வருது, ஜெபக்குறிப்பு. "சகோதரர் மறுபடி சோதனையில இருக்கார், பாரத்தோட ஜெபியுங்கள்"னு வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போடுவார், பேரு ஜெபக்குறிப்பு, உள்ள இருக்குறது வம்பு. அவர் அனுமதி இல்லாம பாஸ்டர்கிட்ட கூட சொல்லாதீங்க, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வேற.

பணம் கையில குடுக்காதீங்க, பில் இருந்தா நீங்களே கட்டுங்க. கலாத்தியர் 6-ல ஒருத்தர் பாரத்தை ஒருத்தர் சுமங்கன்னு சொன்ன பவுலே மூணு வசனம் தள்ளி அவனவன் தன் தன் பாரத்தை சுமக்கணும்ங்கிறார். அவனுக்காக ஆபீஸ்ல பொய் சொல்றது, கடனை அடைக்கிறது எல்லாம் அந்த ரெண்டாவது பாரத்தைப் பிடுங்குற வேலை. மனைவிகிட்ட போய் "மன்னிச்சு ஏத்துக்கம்மா"ன்னு அவசரப்படுத்துறதும் வேண்டாம், அடி வாங்கினது அந்தம்மா. மன்னிக்கிறது வேற, மறுபடி நம்புறது வேற. குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே 1951-ல இருந்து அல்-அனான்ங்கிற அமைப்பு இருக்கு, அவங்களுக்கும் ஒரு கூட்டம் வேணும்ங்க.

சரி, என்னை யார் திரும்பக் கூட்டிட்டு வந்தது? எங்க சபையில ஒரு அண்ணன், பெருசா பேசத் தெரியாதவர். அந்த 7 மாசமும் வாரம் ஒரு தடவை போன் பண்ணுவார். குடிச்சியான்னு ஒரு நாளும் கேக்கல. "தம்பி, நேத்து தூங்கினியா?" அவ்ளோதான். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு நானே பண்ணேன், ரெண்டாவது ரிங்லயே எடுத்தார்.

இப்போ உங்க வெள்ளிக்கிழமை. என்ன பேசணும்னு கவலைப்படாதீங்க, முதல் வாரம் பெரும்பாலும் யாரும் வரமாட்டாங்க. நாங்க ஆரம்பிச்சப்போ மூணு வாரம் நானும் அந்த அண்ணனும் மட்டும் எதிரெதிரா நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம், கதவை மட்டும் சாத்தல. நாலாவது வாரம் ஒரு அம்மா வந்தாங்க, பையனுக்காக. ஒரு மணி நேரம் எதுவும் பேசாம உக்காந்துட்டு, போகும்போது "அடுத்த வாரமும் இருப்பீங்களா"ன்னு கேட்டாங்க. இருப்போம்மான்னோம்.