கண்ணி கூட்டச் சொன்னால் எங்கே கூட்டுவது?

மூணாறு பக்கம் ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதற்குள் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பேட்டர்னில் (பின்னும் முறையை எழுதிய தாளில்) வரும் குறிகளைப் பற்றியும், கண்ணி, அதாவது ஊசிமேல் ஏறும் நூல் வளையம், கூட்டுவதைப் பற்றியும்தான்.

அக்கா, கே என்றால் நிட், பி என்றால் பர்ல் என்று தெரியும். கே.எஃப்.பி. என்று வருகிறதே, அது என்ன? – தேவிகுளம்

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு: நூலைப் பின்னால் வைத்துப் போடுவது நிட், முன்னால் வைத்துப் போடுவது பர்ல். இப்போது ஒரு கண்ணியின் முன்பக்கத்தில் ஒரு நிட் போடுங்கள். அதை இடது ஊசியிலிருந்து இறக்காமல் அதே கண்ணியின் பின்பக்கத்திலும் ஒரு நிட். அப்புறம் இறக்குங்கள். ஒன்று இரண்டாகிவிடும். இரண்டாவதன் அடியில் குறுக்கே ஒரு சின்னக் கோடு விழும், நெல்மணி படுத்திருப்பது போல. அது பிழை இல்லை, இந்த முறையின் அடையாளம்.

இரண்டு ஓரத்திலும் கூட்டும்போது அந்த நெல்மணி ஒரே தூரத்தில் விழ வேண்டுமானால், வரிசைத் தொடக்கத்தில் முதல் கண்ணியிலும், முடிவில் கடைசிக்கு முந்திய கண்ணியிலும் கூட்டுங்கள். கடைசிக் கண்ணியிலேயே கூட்டினால் ஒரு ஓரம் ஒரு மாதிரியும் மறு ஓரம் வேறு மாதிரியும் இருக்கும்.

40 கண்ணி ஏற்றினேன். பத்து வரிசையில் 47 ஆகிவிட்டது. நான் எங்கேயும் கூட்டவில்லை. – மறையூர்

கூட்டியிருக்கிறீர்கள், தெரியாமல். இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். பர்ல் முடித்து நிட்டுக்குப் போகும்போது நூலைப் பின்னால் கொண்டுபோக மறந்தால், அது ஊசிமேல் ஏறி ஒரு புதுக் கண்ணியாக உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் ஓட்டை தெரியும். ஓட்டை எதுவும் இல்லையென்றால் தப்பு ஓரத்தில் இருக்கிறது. வரிசை தொடங்கும்போது நூலை மேலே இழுத்து ஊசிக்குப் பின்னால் தள்ளியிருப்பீர்கள். அப்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் ஊசிமேல் ஏறி இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலைக் கீழே விட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். பத்து வரிசை கழித்து எண்ணினால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

யூடியூப்பில் 8 நம்பர் ஊசி என்றார்கள். நானும் கடையில் 8 நம்பர்தான் வாங்கினேன். துணி இறுக்கமாக, சின்னதாக வருகிறது. – குமுளி

நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க எண்ணில் 8 என்றால் 5 மி.மீ. பிரிட்டிஷ் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க எண்ணில் தடிக்கும். எண்ணை விட்டுவிட்டு மி.மீ. பார்த்து வாங்குங்கள். அதற்குமேல், பத்து செ.மீ. சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் ஸ்வெட்டரைத் தொடங்காதீர்கள்.

எம்1 என்றால் நூலை ஊசிமேல் சுற்றிப் போடுவதுதானே? அப்படித்தான் போட்டேன். தோள் முழுக்க வரிசையாக ஓட்டை. பேட்டர்ன் வாட்ஸ்அப்பில் வந்தது, 3ஆம் பக்கம் முதல். – சின்னக்கானல்

3ஆம் பக்கம் முதல்! இதைத்தான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறிகளுக்கு விளக்கம் இருப்பது பெரும்பாலும் முதல் பக்கத்தில். அதை விட்டுவிட்டு மற்றதைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது.

குறிகள் எல்லா பேட்டர்னிலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெறும் எம் என்றால் பல பிரிட்டிஷ் பேட்டர்ன்களில் முதன்மை நிறம், எம்1 என்றால் ஒரு கண்ணி கூட்டுவது. அந்த ஒன்றை எப்படிக் கூட்டுவது என்பதை எழுதியவர் முதல் பக்கத்தில்தான் சொல்லியிருப்பார். நூலைச் சுற்றிப் போடுவது ஒய்.ஓ., அதில் ஓட்டை விழுந்தே தீரும். லேஸ் வேலைக்கு அது அழகு. பள்ளி ஸ்வெட்டரின் தோளில் அதற்கு என்ன வேலை?

எம்1க்கு இப்போது வழக்கமாகச் செய்வது இது. இரண்டு கண்ணிக்கு நடுவில் ஏணிப்படி போல ஒரு நூல் கிடக்கும். அதை இடது ஊசியால் முன்னாலிருந்து தூக்கிப் பின்பக்கத்தில் நிட் போட்டால் இடப்பக்கம் சாயும், அது எம்1எல். பின்னாலிருந்து தூக்கி முன்பக்கத்தில் போட்டால் வலப்பக்கம் சாயும், அது எம்1ஆர். இரண்டிலும் அந்த நூல் முறுக்கிக்கொள்ள வேண்டும். ஊசி சுலபமாக நுழைந்தால் நீங்கள் தப்பான பக்கத்தில் குத்துகிறீர்கள். சரியாகச் செய்தால் கொஞ்சம் இறுக்கமாக, நுழைய மறுப்பது போல இருக்கும். அந்த முறுக்குதான் ஓட்டையை மூடுகிறது.

என்னிடம் பழகிய ஒரு பெண் இப்படியே முதல் பக்கம் இல்லாத பேட்டர்னை வைத்து 40 வரிசை போட்டுக்கொண்டு வந்தாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட 40 வரிசை. அவ்வளவையும் பிரித்துச் சுற்றினோம். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, முதல் பக்கத்தை அனுப்பாதவர்மேல்தான். தயவுசெய்து அனுப்பும்போது எல்லாப் பக்கத்தையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள்.

70 (76, 82) என்று மூன்று எண் இருக்கிறது. எதைப் போடுவது? – கூடலூர்

மூன்றும் மூன்று அளவுக்கு. நடு அளவு உங்களுடையது என்றால் கடைசி வரிவரைக்கும் நடு எண்தான். தொடங்குமுன் பேனாவால் எல்லா இடத்திலும் வட்டம் போட்டுவிடுங்கள்.

பார்டர் முடிந்ததும், 60 கண்ணியை ஒரே வரிசையில் சமமாகக் கூட்டி 72 ஆக்கச் சொல்கிறது. – வால்பாறை

12 கூட்ட வேண்டும். 60ஐ 12ஆல் வகுத்தால் 5. கே.எஃப்.பி. என்றால் 4 நிட், ஐந்தாவதில் கூட்டு, இப்படி 12 தடவை. எம்1 என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், ஏனென்றால் அது கண்ணிக்குள் இல்லை, இடைவெளியில் வருகிறது. 2 நிட், எம்1, அப்புறம் 5 நிட், எம்1 என்று 11 தடவை, கடைசியில் 3 நிட். ஓரத்தில் எம்1 வரவே கூடாது, தூக்குவதற்கு அங்கே நூல் இல்லை. முடித்ததும் எண்ணுங்கள்.

ஸ்வெட்டர் கை ஒரு பக்கமாகவே சரிந்து போகிறது. 46லிருந்து 62 ஆக்க வேண்டும், ‘இரு முனையிலும்’ என்று போட்டிருக்கிறது. ஆறு வரிசைக்கு ஒரு கண்ணி சரியாகத்தான் கூட்டினேன். – போடிமெட்டு

சரியாக இல்லை. ‘இரு முனையிலும்’ என்று பேட்டர்னில் எழுதியிருப்பதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் படிக்கவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு கண்ணி, எனவே 16 கூட்ட 8 தடவை போதும். முதல் தடவை கூட்டியபின், ஐந்து வரிசை கூட்டாமல் போட்டு ஆறாவதில் மறுபடி. முதல் கூட்டலிலிருந்து எட்டாவது முடிய 43 வரிசை, நடுத்தர நூலில் 15 செ.மீ. போல வரும். கூட்டிய வரிசையின் ஓரத்தில் ஒரு ஊக்கு மாட்டிக்கொண்டே போங்கள், எண்ணச் சுலபம்.

மாஸ் ஸ்டிட்ச், சீட் ஸ்டிட்ச் இரண்டும் ஒன்றா? – மூணாறு

பிரிட்டிஷ்காரர் மாஸ் என்பதை அமெரிக்கர் சீட் என்கிறார்கள். அமெரிக்கர் மாஸ் என்பது வேறு. எந்த நாட்டு பேட்டர்ன் என்று முதல் பக்கத்தில் பாருங்கள்.

ஸ்வெட்டர் சரியாக வரவில்லை. என்ன செய்வது? – ஊர் எழுதவில்லை

எந்த பேட்டர்ன், எந்த ஊசி, எத்தனை கண்ணி, எந்த வரிசை? நான்கையும் எழுதி, ஒரு படமும் அனுப்புங்கள்.

வயது 60 ஆகிறது. பேரனுக்குக் கருநீல ஸ்வெட்டர். ராத்திரி லைட்டில் கண்ணியே தெரியவில்லை, எங்கே கூட்டினேன் என்றும் தெரியவில்லை. – தேவிகுளம்

அம்மா, மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கருநீலக் கண்ணிகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். கூட்டும் வரிசைகளை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், நேர் வரிசைகளை ராத்திரி போடலாம். கூட்டி எண்ணிச் சரியாக இருக்கும் வரிசையில், எல்லாக் கண்ணி வழியாகவும் ஒரு வெள்ளைத் தையல்நூலைக் கோர்த்து விட்டுவிடுங்கள். பின்னால் தப்பு வந்தால் அதுவரைதான் பிரியும்.